தானாக மாறிய தண்ணீர்

ஓய்வு பெற்று வேன் சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்று, கடையில் எனக்காகக் கேக் வெட்டினீர்கள். அப்போது உங்களில் ஒருவர் கேட்டார்: "அங்கிள், இத்தன வருஷத்துல ரொம்ப கஷ்டமான ஜாப் எது?" நான் எதையோ சொல்லிச் சிரித்து மழுப்பிவிட்டேன். சரியான பதில் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது. இப்போது காலை நேரமெல்லாம் எனக்குச் சும்மாவே கிடக்கிறது. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கஷ்டமான வேலை என்றதும் கொளுத்துகிற வெயிலில் கூரைமேல் ஏறுவதையும், ஹீட்டர் டேங்கைத் தோளில் சுமந்து மாடிப்படி ஏறுவதையும் நினைப்பீர்கள். அதெல்லாம் உடம்பு வலி, தூங்கி எழுந்தால் போய்விடும். எனக்கு நினைவுக்கு வருவது புக்கிட் பெருந்துங்கில் ஒரு மூலை வீட்டின் குளியலறை. அந்த வீட்டில் எந்தச் சாமானும் கெட்டுப்போகவில்லை. கஷ்டம் அதில்தான் ஆரம்பித்தது.

ரோஸ்லானும் நானும் ஒரே வேனில் ஓடிய காலம் அது. ரோஸ்லானை உங்களுக்குத் தெரிந்திருக்காது. நீங்கள் வருவதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டுக் கோலசிலாங்கூரில் மனைவியின் ஊருக்கே குடிபோய்விட்டார். மலாய்க்காரர், ஆனால் சுங்கை சோ பக்கத்தில் எஸ்டேட் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர். முகத்தைப் பார்க்காமல் கேட்டால் அவர் பேசுகிற தமிழுக்கும் என் தமிழுக்கும் வித்தியாசம் தெரியாது. காலையில் ரவாங்கில் ஆளுக்கு ஒரு தே தாரேக், நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், குடித்துவிட்டுப் புறப்படுவோம். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலையில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஊர்க் கதை, பிள்ளைகள் கதை எல்லாம் பேசுவோம். அன்றைய வேலையைப் பற்றி மட்டும் பேச மாட்டோம். அது அவர் போட்ட சட்டம். "போறதுக்கு முன்னாடியே பதில் சொல்லிட்டோம்னா, அங்க போயி அந்த பதிலத்தான் அண்ணே தேடுவோம்" என்பார். அந்தச் சாலையும் அந்தக் காற்றும் அந்தப் பேச்சும் இல்லாமல் காலை எப்படி ஆரம்பமாகிறது என்பது எனக்கு இன்னும் பழகவில்லை.

எங்கள் பக்கத்தில் குளியல் தொட்டி அபூர்வம். என் சின்ன வயதில் அது எஸ்டேட் துரை பங்களாவில் மட்டும்தான் இருந்தது. அங்கே வேலை செய்த என் சித்தி, "வெள்ளையா நீளமா இருக்கும், அதுல படுத்துக்கிட்டே குளிப்பாங்க" என்று சொன்னபோது எங்கள் லயத்து வீட்டுப் பிள்ளைகள் யாரும் நம்பவில்லை. பிற்பாடு வீடமைப்புப் பகுதிகள் வந்தன. சிலர் ஆசைப்பட்டு வீட்டில் தொட்டி வைத்தார்கள். கொஞ்ச நாளில் அதில் அழுக்குத் துணியும் உடைந்த மேசைக் காற்றாடியும் கிடப்பதை நானே பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதனால், தொட்டியில் வெந்நீர் ஒழுங்காக வரவில்லை என்று அழைப்பு வந்தால், வசதியான வீடு, மெதுவாகப் போகலாம் என்றுதான் எங்களுக்குத் தோன்றும்.

அந்த மூலை வீட்டுச் சரோஜா அக்காவின் அழைப்பையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். "தம்பி, இன்னிக்கே வர முடியுமா? மத்தியானத்துக்குள்ள வரணும். அதுக்கப்புறம் வந்து பிரயோசனம் இல்ல" என்றார். ஏன் என்று கேட்டேன். "வாங்களேன், பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார். குரலில் அவசரம் இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லையும் யோசித்து எடுத்து வைப்பது போல இருந்தது. புக்கிட் செந்தோசாவில் ஒரு வேலையைத் தள்ளிப் போட்டுவிட்டு முதலில் அங்கே போனோம்.

வீட்டுக் கூடத்தில் இரண்டு பைகள் தயாராக இருந்தன. ஒன்றில் மடித்த சட்டைகள், கைலிகள். இன்னொன்றில் மருந்துகள். பக்கத்தில் சக்கர நாற்காலியில் பரமசிவம் அண்ணன், சரோஜா அக்காவின் கணவர். தொழிற்பேட்டையில் போர்க்லிப்ட் ஓட்டியவர். சரக்கு சரிந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போய்விட்டது. நல்ல அகலமான தோள், வெளுத்த மீசை. வலது பாதத்தில் பெரிதாகக் கட்டுப் போட்டிருந்தது.

"வாங்க தம்பி. எங்க ஊட்டு பாத் டப்புக்குப் பைத்தியம் புடிச்சிருச்சி, பாத்து வைத்தியம் பண்ணுங்க" என்றார் சிரித்துக்கொண்டே. ரோஸ்லானும் நானும் சிரித்தோம். சரோஜா அக்கா சிரிக்கவில்லை.

குளியலறையில் கதவைச் சாத்திவிட்டு அவர் சொன்னதை உங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அண்ணனின் கால்கள் விறைத்துத் துடிக்குமாம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் கிடந்தால் தளரும் என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். மகள் கவிதா ரவாங்கில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அந்தப் பெண் அப்பாவுக்காகக் கீழ்த்தளத்துக் குளியலறையை இடித்துப் பெரிதாக்கி, தாழ்வான தொட்டி ஒன்றை வைத்துக் கொடுத்திருந்தாள். சரோஜா அக்காதான் தினமும் அவரைத் தொட்டிக்குள் இறக்கி, கைஷவரால் காலில் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுவார்.

"சில நாளு நல்லா இருக்கும் தம்பி. சில நாளு, நான் கைவச்சிப் பாத்து சரியா திருப்பி வச்ச தண்ணி, கொஞ்ச நேரத்துல ஜில்லுனு போயிரும். அவருக்கு ஒதறல் எடுத்துரும். ஆளுங்கள கூப்பிட்டுப் பாத்தோம். மொதல்ல வந்தவரு ஒன்னுமில்லன்னு போயிட்டாரு. அடுத்து வந்தவரு ஹீட்டர்ல சூட்ட ஏத்தி வச்சிட்டுப் போனாரு. அப்புறம்…"

தொட்டியின் விளிம்பைப் புறங்கையால் துடைத்தார்.

"அப்புறம் ஒரு நாளு, அவரு கால்ல ஊத்திக்கிட்டே பேசிக்கிட்டு இருந்தேன். அவருக்குத்தான் தெரியாதே. தண்ணியில ஆவி கௌம்புனதப் பாத்துதான் ஷவரத் தள்ளிப் புடிச்சேன். அதுக்குள்ள தோலு வெந்துருச்சி. நான் பைப்பைத் தொடல தம்பி. தண்ணி தானா மாறுது. சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

அதற்குள் வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. கவிதா மருந்துக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"யாரும்மா கூப்பிட்டா இவங்கள?"

"நான்தான்."

"எதுக்கும்மா? ரெண்டு பேரு வந்து பாத்தாச்சிலா. பேசி முடிச்சாச்சி. வேன் வரப் போகுது."

வேன், ரவாங்கில் உள்ள ஒரு பராமரிப்பு இல்லத்திலிருந்து வரவிருந்தது. அண்ணனை அங்கே சேர்க்க ஏற்பாடு ஆகியிருந்தது. அதற்குள் வரச் சொல்லித்தான் அக்கா எங்களை அழைத்திருந்தார்.

கவிதாவை நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது. நான்கூட முதல் பார்வையில் அப்படித்தான் நினைத்தேன். அவள் என்னைத் தனியே சமையலறைக்கு அழைத்துக்கொண்டு போய்ப் பேசினாள். அம்மா அடுப்பில் வைத்ததை மறக்கிறாராம். போன மாதம் வாசல் கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டாராம். "அப்பாவே சொல்றாரு அங்கிள், நான்தான் சூடா வேணும்னு கைப்பிடியத் திருப்புனேன்னு. அம்மா யாருமே தொடலன்னு சொல்றாங்க. அப்ப அம்மாவுக்கு என்னா நடந்துச்சின்னே ஞாபகம் இல்லன்னுதானே அர்த்தம்? நாளைக்கு இதவிடப் பெருசா ஏதாச்சும் ஆனா?" சொல்லும்போது கையிலிருந்த மருந்துப் பொட்டலத்தைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். கல்நெஞ்சக்காரி அப்படி நிற்க மாட்டாள்.

"நீங்க பாருங்க. ஆனா ஸ்ட்ரெய்ட்டா சொல்லுங்க அங்கிள். ஹீட்டர்ல ப்ராப்ளம் இருக்கா, இல்லையா?"

பார்த்தோம். எப்படிப் பார்த்தோம் என்பதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. நீங்களும் அதையேதான் செய்வீர்கள். ஹீட்டர் நன்றாக இருந்தது. தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் காத்திருந்தோம். ஒரே சீராக வந்தது. நிறுத்தி மறுபடி திறந்தோம். அப்போதும் அப்படியே. நான் கையை வைத்துக்கொண்டு நிற்க, சரோஜா அக்கா கதவோரம் நின்று அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவையாவது மாறிக் காட்டாதா என்று அவர் கண் கெஞ்சியது. அது மாறவில்லை.

ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. சூட்டு அளவு கடைசி வரைக்கும் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. ரோஸ்லான் அதைக் காட்டினார். அதைக் குறைத்துவிட்டால் போதும், இனி யாருக்கும் தோல் வேகாது. "இதுதான் காரணம், குறைச்சிட்டோம்" என்று சொல்லிவிட்டு எங்கள் வேனில் ஏறிவிடலாம். பொய்யும் இல்லை. புக்கிட் செந்தோசாவில் இன்னொருவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

தம்பி தங்கைகளே, இந்த மாதிரி இடம் உங்களுக்கும் வரும். பாதி பதில் கையில் இருக்கும். அது ஆபத்தையும் நிறுத்திவிடும். ஆனால் கேட்ட கேள்விக்கு அது பதிலாகாது. தண்ணீர் சுட்டதற்கு அந்தச் சூட்டு அளவு காரணம். சரியாக வைத்த தண்ணீர் நடுவில் ஏன் மாறியது என்பதற்கு அது காரணமில்லை. அதைவிட, சூட்டை ஏற்றுவதற்கு முன்பே அந்தத் தொட்டியில் தண்ணீர் குளிர்ந்து போய்க்கொண்டிருந்ததே, அது ஏன்? நான் குறைத்துவிட்டுப் போனால், அண்ணன் வீட்டிலேயே இருந்தாலும் தண்ணீர் மறுபடி குளிரும், அவர் கால் துடிக்கும். அக்கா சொன்னது பொய் என்றும் முடிவாகிவிடும். அண்ணனும் இல்லத்துக்குப் போய்விடுவார்.

நான் கூடத்துக்கு வந்தேன். மூவரும் இருந்தார்கள்.

"ஹீட்டர்ல பிரச்சனை இல்லம்மா" என்றேன்.

கவிதா கண்ணை மூடித் திறந்தாள். சரோஜா அக்கா குனிந்து மருந்துப் பையின் ஜிப்பை இழுத்து மூட ஆரம்பித்தார். அந்த ஜிப் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஆனா தண்ணியில பிரச்சனை இருக்கா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியல. வேன் வர்ற வரைக்கும் டைம் குடு."

"இன்னும் என்னா பாக்கப் போறீங்க?"

எனக்கே தெரியவில்லை. அப்போது ரோஸ்லான் குளியலறை வாசலில் நின்றபடி சொன்னார். "அண்ணே, வீடு ரொம்ப அமைதியா இருக்கு."

அவர் எதையும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. மனதில் பட்டதைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. நாம் போகிற வீடுகள் எல்லாம் நாம் போன நேரத்தில் அமைதியாகத்தான் இருக்கும். ரிப்பேர்காரர்கள் வருகிறார்கள் என்று சமையலை நிறுத்தியிருப்பார்கள், தரையைத் துடைத்திருப்பார்கள், பிள்ளைகளை மாடிக்கு அனுப்பியிருப்பார்கள். நாம் பரிசோதிப்பது யாருமே வாழாத ஒரு வீட்டை. தொட்டியில் தண்ணீர் மாறியதோ ஆட்கள் புழங்குகிற வீட்டில்.

"அக்கா, தினமும் அண்ணன எப்படிக் குளிப்பாட்டுவீங்களோ, எந்திரிச்சதுலேருந்து அப்படியே செய்ங்க. வாயால சொல்ல வேணாம், செஞ்சி காட்டுங்க."

"அவரு கால்ல கட்டு இருக்கே தம்பி. அவரு இல்லாம எப்படி?"

"நான் இங்கேருந்தே குளிக்கிறேன் சரோ. நீ செய்யி" என்றார் பரமசிவம் அண்ணன்.

கவிதாவை மட்டும் நான் குளியலறைக்கு வரச் சொன்னேன். தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து ஷவருக்கு அடியில் கையை வைத்துக்கொள்ளும்படி சொன்னேன். "என் கைய நீ நம்ப வேணாம். உன் கைய நம்பு. ஆனா சுட்டா ஒடனே எடுத்துரணும்." அவள் மறுக்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். ரோஸ்லான் ஹீட்டர் இருந்த பின்பக்கத்துக்குப் போனார்.

சரோஜா அக்கா செய்ய ஆரம்பித்தார். படுக்கையின் ஈர விரிப்பை உருவினார், தலையணை உறையைக் கழற்றினார். எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். இல்லாத கணவரை இறக்குவது போல ஒரு கணம் தொட்டியருகே நின்றார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைப்பிடியைத் திருப்பி, தன் புறங்கையில் தண்ணீரை விட்டுப் பார்த்தார். ஒரு நூல் இந்தப் பக்கம், ஒரு நூல் அந்தப் பக்கம். திருப்தியானதும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுதான் தம்பி. இப்ப அவருகிட்ட பேசிக்கிட்டே ஊத்துவேன்."

"பேசுங்க."

என்ன பேசுவது என்று தெரியாமல் அவர் மகளைப் பார்த்தார். "மூஞ்செல்லாம் வாடியிருக்கு. காலையில ஏதாச்சும் சாப்பிட்டியா?" என்றார். கவிதா தண்ணீருக்கடியில் இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. என் மனம் தளர்ந்து போனதை மறைக்க மாட்டேன். வேன் வந்தால் இந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

திடீரென்று கவிதாவின் முதுகு நிமிர்ந்தது.

"அங்கிள், சூடு ஏறுது."

அவள் சொல்லி முடிப்பதற்குள் கையைப் பறித்துக்கொண்டாள். தண்ணீரிலிருந்து ஆவி கிளம்பியது. சரோஜா அக்காவின் இரண்டு கைகளும் மடியில்தான் இருந்தன. கைப்பிடி வைத்த இடத்திலேயே இருந்தது. அதே நேரத்தில் பின்கட்டிலிருந்து ரோஸ்லானின் குரல் வந்தது.

"அண்ணே, இங்க வாஷிங் மிசினு தண்ணி இழுக்குது. பைப்பு அதிருது."

அக்கா ஈர விரிப்புகளைத் துவைக்கப் போட்டுவிட்டு வந்திருந்தார். விரிப்பு நனைந்த நாளெல்லாம் குளிப்பாட்டுவதற்கு முன் அவர் செய்வதுதான். விரிப்பு நனையாத நாட்களில் போட மாட்டார். அந்த நாட்களில் தண்ணீர் ஒழுங்காக இருந்திருக்கிறது. இயந்திரம் பாட்டுக்குக் கதவுக்கு அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும், தனக்கு வேண்டும்போது தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தொட்டி வைத்தவர்கள் அதற்குத் தனியாகக் குளிர்நீர்க் குழாய் போடாமல், இயந்திரத்துக்குப் போகிற ஒல்லிக் குழாயிலிருந்தே ஒரு கிளை எடுத்துவிட்டிருந்தார்கள். இயந்திரம் இழுக்கும்போது தொட்டிக்குக் குளிர்நீர் குறைந்துவிடும், வெந்நீர் மட்டும் முழு வேகத்தில் வரும். இழுப்பது நின்றதும் குளிர்நீர் மறுபடி பாயும். சூட்டுக்கும் குளிருக்கும் காரணம் ஒன்றேதான். இயந்திரம் இழுக்கிற நேரத்தில் அக்கா தண்ணீரைச் சரிபார்த்து வைத்திருந்தால், அது நின்றதும் ஜில்லென்று ஆகிவிடும். அதைப் பார்த்துச் சூடு போதவில்லை என்று நினைத்து ஒருவர் சூட்டை ஏற்றிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தத் தண்ணீர் அண்ணனின் காலைச் சுட்டது.

நான் இதைக் கவிதாவுக்கு விளக்கிக்கொண்டிருக்கும்போதே அவள் மறுபடி கையை நீட்டினாள். பின்கட்டில் இயந்திரம் இழுப்பதை நிறுத்தியிருந்தது. "இப்ப ஆறிப் போச்சி" என்றாள் மெதுவாக. பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

சரோஜா அக்கா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மிசின போட்டுட்டு வந்து, நான்தான் அவரச் சுட்டேனா தம்பி?"

நான் சொன்னேனே, கஷ்டமான வேலை என்று. அது இந்தக் கேள்வி. கோளாறைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் இருந்தேன். அந்தச் சந்தோஷத்தில் வாயைத் திறந்திருந்தால் "ஆமாக்கா, மிசின போட்டதாலதான்" என்று வந்திருக்கும். அது தொழில்படி சரி. அந்த ஒரு வரியைச் சுமந்துகொண்டு அவர் ஆயுள் முழுக்க அந்த முக்காலியில் உட்கார வேண்டியிருக்கும். அதற்காக "உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றும் சொல்ல முடியாது. அவர் கெட்டிக்காரர், கண்டுபிடித்துவிடுவார். பிறகு நான் சொன்ன எதையும் நம்ப மாட்டார்.

நான் தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டேன்.

"மிசின போட்டது நீங்கதான்கா. நனஞ்ச விரிப்ப யாரு வீட்லயும் மிசின்லதான் போடுவாங்க. குழாய அப்படிக் கட்டுனது வேற ஆளு. சூட்ட ஏத்துனது இன்னொரு ஆளு. அது ரெண்டும் செவுத்துக்குள்ள இருக்கு, உங்களுக்கு எப்படித் தெரியும்? தண்ணி தானா மாறுதுன்னு நீங்க சொன்னீங்க. மாறுது. நீங்க சொன்னது அத்தனையும் நெசம். நீங்க ஒன்னையும் மறக்கல."

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் தோள் மட்டும் குலுங்கியது.

கவிதா எழுந்து கூடத்துக்குப் போனாள். நாங்களும் பின்னால் போனோம். பரமசிவம் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"ஏன்பா நீங்க திருப்புனேன்னு சொன்னீங்க?"

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "உங்கம்மாவத் திட்டுவியேன்னுதான்."

"நீங்க சொன்னதாலதான்பா அம்மாவுக்கு ஞாபகம் போச்சின்னு நான் நெனச்சேன்."

நல்லதென்று நினைத்துச் சொன்ன ஒரு பொய் எவ்வளவு தூரம் போய்விட்டது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். கையை நீட்டி மனைவியின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டார். "உடு, போவட்டும்" என்றார் சரோஜா அக்கா. யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

வாசலில் ஹாரன் கேட்டது. இல்லத்து வேன். கவிதா இன்னும் ஈரம் சொட்டும் கையோடு வெளியே போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஓட்டுநரிடம் ஏதோ சொன்னாள், மன்னிப்புக் கேட்பது போல இரண்டு தடவை தலையைத் தாழ்த்தினாள். வேன் பின்வாங்கித் திரும்பிப் போனது. அவள் உள்ளே வந்து, பையைத் திறந்து கைலிகளை வெளியே எடுத்தாள்.

"வையி, நான் அடுக்கிக்கிறேன். உனக்கு எடம் தெரியாது" என்றார் அக்கா.

"சொல்லும்மா, தெரிஞ்சிக்கிறேன்" என்றாள் கவிதா.

அன்றே சூட்டைக் குறைத்தோம். தொட்டிக்கு இனி எந்தக் கொதிநீரும் அப்படியே போகாதபடி ஒரு வால்வு வைக்க வேண்டும், கூரைத் தொட்டியிலிருந்து குளிர்நீருக்குத் தனிக் குழாய் இறக்க வேண்டும் என்று சொன்னோம். அவர் தொட்டிக்குள் இருக்கும்போது மேலே ஊற்றுகிற தண்ணீரில் ஒரு கை எப்போதும் இருக்கட்டும் என்றும் சொன்னோம். திரும்பும் வழியில் ரோஸ்லான் வெகு நேரம் பேசவில்லை. சுங்கை சோ தாண்டியதும், "அந்த அக்கா இன்னிக்கி நம்மள கூப்பிடாம இருந்திருந்தா?" என்றார். கண்ணாடியை இறக்கிவிட்டேன்.

அந்த மாதிரி மௌனமாக வண்டி ஓட்டிக்கொண்டு வந்த நாட்கள்தான் இப்போது அதிகம் நினைவுக்கு வருகின்றன. நல்ல வேலை செய்த நாளில் நாங்கள் அதைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டதே இல்லை. வழியில் எங்காவது நிறுத்தி இளநீர் குடிப்போம். நன்றாக முடிந்தது என்பதற்கு எங்களுக்குள் அவ்வளவுதான் அடையாளம்.

அண்ணனின் கால் ஆறிய பிறகு, வேலையை முடித்துக் கொடுக்கப் போனோம். அன்றைக்குக் கவிதா விடுப்பு எடுத்திருந்தாள். எல்லாம் பொருத்தியானதும், "நான் டெஸ்ட் பண்றேன்" என்று அவளே கிளம்பிவிட்டாள். பின்கட்டுக்கு ஓடி இயந்திரத்தைப் போட்டாள். சமையலறைக் குழாயைத் திறந்தாள். மாடிக்கு ஓடிக் கழிப்பறையில் தண்ணீர் இழுத்துவிட்டாள். வாசலில் பூச்செடிக்கு விடுகிற குழாயையும் திறந்துவிட்டு, "இப்ப எப்படி? இப்ப?" என்று வீடு முழுக்கக் கத்திக்கொண்டே ஓடினாள். சின்னப் பிள்ளை மாதிரி சிரிப்பு வேறு. வீடே சலசலவென்று இரைந்தது.

சரோஜா அக்கா முக்காலியில் உட்கார்ந்து ஷவருக்கு அடியில் கையை வைத்திருந்தார். கண்களை மூடியிருந்தார். தண்ணீர் அவர் புறங்கையில் விழுந்து விரல்களில் வழிந்துகொண்டிருந்தது. அது மாறவில்லை. கவிதா குழாய்களையெல்லாம் மூடிவிட்டு மூச்சு வாங்க வந்து நின்றாள். ரோஸ்லான் சாமான்களை எடுத்து வைத்துவிட்டார். அக்கா அப்போதும் கையை எடுக்கவில்லை.

"போதுமாக்கா?" என்றேன்.

"இருங்க தம்பி. இன்னுங் கொஞ்சம்."

நாங்கள் காத்திருந்தோம். கதவருகே சக்கர நாற்காலியில், தோளில் துண்டோடு பரமசிவம் அண்ணனும் காத்திருந்தார். கடைசியில் அவர்தான் பொறுமை இழந்தார்.

"ஏன் சரோ, அந்தத் தண்ணி உனக்கா எனக்கா?"

அக்கா கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.